மணியோசை முதல் கடலோசை வரை

வைகறைப் பொழுது. ஆறு மணியாகச் சில நிமிடங்களே உள்ளன. இங்கிலாந்து நாடு போர்வைக்குள் புரண்டு படுத்திருக்கிறது. அந்த வேளையில், பி.பி.சி. நிறுவனத்தின் ரேடியோ 4 என்னும் வானொலி, ஏதோ ஓர் ஊரின் மாதாகோயில் மணிகளை ஒலிக்கச் செய்கிறது. 'ஞாயிறு மணிகள்' என்பது நிகழ்ச்சியின் பெயர். இதைக் கேட்டவுடன் நம் தோழர்களில் பலர் முகம் சுளிப்பர். "அங்கும் இதுதானா! வைகறையில் மணி, பிறகு பூசை, அதன்பின் பிரசாதமா?" என்று கேட்பர். பொறுங்கள் தோழர்களே! அந்த மணிகளின் கதையைக் கேட்ட பின் சுளிப்பதா, சிரிப்பதா என்று முடிவு செய்யலாம்.

ஆங்கில நாட்டுக் கோபுர மணிகள் பாட்டு இசைப்பவை அல்ல. ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். ஒருமுறை அடித்த வரிசையை மறுமுறை அடிக்கலாகாது என்பது விதி. ஏழு மணிகளை எத்தனை வரிசைகளில் மாற்றி மாற்றி அடிக்க முடியும்? 5040 வகையில். அத்தனையையும் பிழையின்றி அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். பதினேழாம் நூற்றாண்டிலே வளர்ந்த கலை இது. ஆண்டவனை அழைக்கக் கட்டிய கோபுரத்திலே, அடிப்பவர்கள் போட்டுப் பார்த்ததென்னவோ கணக்கு! ஞாயிறு தொடங்குவது பக்தியில் என்று அறிவிப்பாளர் கூறட்டும். நாம் கேட்பது கணிதத்தைத்தான்.

இந்த வானொலியை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், அதுவரை 'உள்நாட்டு ஒலிபரப்பு' என்று வழங்கியது ரேடியோ 4 எனப் பெயர் பூண்டது. பாட்டுக்கு வேறு அலைவரிசைகள், பேச்சுக்கு இது. செய்தி, நாடகம், விவாதம், நகைச்சுவை, கவிதை, தோட்டக்கலை, இரங்கலுரை என்று விடியல் முதல் நள்ளிரவு வரை மனிதக் குரலை மட்டுமே நம்பி நடக்கும் நிலையம். நடுவிலே பற்பசை விற்பவன் வந்து குறுக்கிடமாட்டான். தொலைக்காட்சி வைத்திருப்போர் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கிறது. வானொலிக்கென்று தனியே இருந்த கட்டணத்தை 1971லேயே எடுத்துவிட்டார்கள். சொல்லை நம்பி வளர்ந்த இயக்கத்தார் நாம். மேடையும் ஏடும் நாடகமுமே நமக்குப் படைக்கலன்களாக இருந்தன. சொல்லுக்கென்றே ஒரு நாடு ஒரு நிலையத்தை ஒதுக்கி, அதில் ஒரு ஞாயிறு முழுவதையும் எப்படி நிரப்புகிறது என்று உற்றுக் கேட்பது நமக்குப் பொழுதுபோக்காகாது, பாடமாகும். அந்தப் பாடத்திலே பிழைகளும் உள.

அந்த ஞாயிற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. பி.பி.சி.யை முதன்முதல் உருவாக்கியவர் ஜான் ரீத் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியாரின் மகன், 1922இல் பொறுப்பேற்று 1938 வரை அந்த நிறுவனத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர். ஞாயிறு ஓய்வு நாள், இறைவனுக்குரிய நாள் என்பது அவரது உறுதி. அந்நாளில் காலையில் வழிபாடு தவிர வேறு ஒலிபரப்பு இல்லை. பிற்பகலிலும் இரவிலும் திருச்சபை உரைகளும் கனத்த இசையும் மட்டுமே. ஆறு நாள் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவன் ஏழாம் நாள் ஒரு நடனப் பாட்டுக் கேட்க விரும்பினால் அது ரீத் பெருமகனாருக்குப் பாவம்!

மக்கள் என்ன செய்தனர்? எதிர்ப்புக் கூட்டம் போட்டார்களா? இல்லை. வானொலியின் முள்ளைத் திருப்பினர். 1931இல் தொடங்கிய ரேடியோ நார்மண்டியும், 1933இல் ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கிய ரேடியோ லக்சம்பர்க்கும் கடலுக்கு அப்பாலிருந்து பாட்டும் சிரிப்பும் விளம்பரமும் அனுப்பின. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலேயர் கூட்டம் கூட்டமாக அங்கே போய்விட்டனர். பாதிரியாரின் மகன் நாட்டைத் தேவாலயத்துக்கு அனுப்பப் பார்த்தார். நாடோ லக்சம்பர்க்குக்குப் போயிற்று. போர் வந்து, படைவீரர்களுக்கென 1940இல் தனி ஒலிபரப்புத் தொடங்கிய போதுதான் அந்தப் பூட்டு உடைந்தது. சாவை எதிர்நோக்கியிருக்கும் வீரனிடம் "ஞாயிற்றுக்கிழமை சிரிக்காதே" என்று எவர் கூறமுடியும்?

இந்தக் கதை நமக்குப் புதிதன்று. 1952இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று கூறி அதை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். நாடு முழுதும் இலங்கை வானொலிக்குத் திரும்பியது. 1957இல் விவித பாரதி பிறந்ததே, ஓடிப்போனவரைத் திரும்ப அழைக்கத்தான். ரீத்துக்கு லக்சம்பர்க், கேஸ்கருக்குக் கொழும்பு! மேலிருந்து கீழே சுவையைப் புகட்டப் புறப்பட்டவர் இருவரும் ஒரே மருந்தைக் குடித்தனர்.

ரீத் போனார், அவர் நிழல் போகவில்லை. இன்றும் ரேடியோ 4இன் ஞாயிற்றுக் காலை பெரும்பாலும் சமயத்துக்கு எழுதி வைத்த மானிய நிலமாகவே இருக்கிறது. மணிகளுக்குப் பின் 'ஞாயிறு' என்னும் சமயச் செய்தி நிகழ்ச்சி. 1970 முதல் நடப்பது. பிறகு ஏதேனுமொரு தேவாலயத்திலிருந்து பாட்டும் மறையுரையும் கலந்த வழிபாடு. 'ஞாயிறு' நிகழ்ச்சியை நாம் குறை கூறமாட்டோம். அது பூசாரிகளின் ஊதுகுழல் அன்று. திருச்சபைகளின் உட்சண்டைகளை, மறைப்புகளை, பணப்பிணக்குகளைக் கூண்டில் நிறுத்திக் கேட்கும் துணிவு அதற்கு உண்டு. பேராயரைக்கூட "இதற்கு என்ன விடை?" என்று கேட்கும் பழக்கம் நம் நாட்டு நிலையங்களுக்கு வருமானால் நாம் மாலை சூட்டுவோம்.

நம் வழக்கு அதற்கடுத்த வழிபாட்டின் மீது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலே, இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறித்தவர் என்று கூறிக்கொண்டோர் 46.2 விழுக்காட்டினர். சமயம் ஏதும் இல்லை என்று எழுதியோர் 37.2 விழுக்காட்டினர். நூற்றுக்கு முப்பத்தேழு பேர்! இவர்களுக்கென்று ஞாயிற்றுக் காலையில் ஒதுக்கிய வேளை எது? தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மற்ற ஆறு நாட்களிலும் காலைச் செய்திகளுக்கு நடுவே வரும் 'இன்றைய சிந்தனை' என்னும் சிற்றுரையும் சமயத்தார்க்கே உரியது. கடவுள் நம்பிக்கையற்றவருக்கும் அங்கே இடம் வேண்டும் என்று முறையிட்டவர்களுக்கு, 2009ஆம் ஆண்டு பி.பி.சி. அறங்காவல் குழு இல்லையென்றே கூறிவிட்டது. சிந்தனை என்று பெயர் வைத்துவிட்டுச் சிந்திப்பவனை வாயிலில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

ஆயினும் அதே நிறுவனம் ஒருகாலத்தில் கதவைச் சற்றே திறந்ததும் உண்டு. 1955 சனவரியில், அபர்தீன் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த மார்கரெட் நைட் என்னும் அம்மையார், உள்நாட்டு ஒலிபரப்பில் இரண்டு உரைகள் நிகழ்த்தினார். பொருள்: சமயமின்றி ஒழுக்கம். பிள்ளைகளுக்குக் கடவுள் கதை கூறாமலே நல்லொழுக்கம் கற்பிக்கலாம், கற்பிக்க வேண்டும் என்றார். குரல் உயர்த்தவில்லை, எவரையும் ஏசவில்லை, ஆசிரியை பாடம் கூறுவது போலப் பேசினார். அவ்வளவுதான்! நாளேடுகள் கொதித்தெழுந்தன. புனிதமற்ற பெண்மணி என்ற பொருளிலே ஓர் ஏடு தலைப்பிட்டு அவர் படத்தைப் பெரிதாகப் போட்டது. கடிதங்கள் குவிந்தன, ஏசியவை போக, "எம் உள்ளத்தில் இருந்ததைக் கூறினீர்" என்று நன்றி நவின்றவையும் ஏராளம். அந்த உரைகள் அவ்வாண்டிலேயே நூலாயின. தனியொரு பெண், ஒலிவாங்கி முன் அமர்ந்து, இரண்டே பேச்சால் ஒரு பேரரசின் காலை உணவு மேசைகளை அதிர வைத்தார். மேடையும் கொடியும் தோரணமும் இருந்தால்தான் சொல் வெல்லும் என்று எண்ணும் நம் இளைஞர்கள் இந்த அம்மையாரைப் பற்றிப் படிக்க வேண்டும்.

வழிபாட்டுக்கு முன்னதாக மூன்று மணித்துளி அளவில் ஓர் அறக்கொடை வேண்டுகோள் வரும். 1926 முதல் வழிவழியாக நடப்பது; பழைய பெயர் 'இவ்வாரத்து நற்பணி'. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அறிமுகமான குரல் ஒன்று நிதி கேட்கும். கொடுப்போர் கைகளை நாம் வணங்குகிறோம். ஆனால் நூறாண்டாக ஒவ்வொரு ஞாயிறும் கேட்டும் தீராத வறுமை, கொடையால் தீரும் வறுமைதானா என்று அந்த மூன்று மணித்துளிகளுக்குப் பின் ஒரு நான்காவது மணித்துளி ஒதுக்கிக் கேட்டிருக்கலாமே!

இனி, நாம் மனமாரப் பாராட்டும் பகுதி. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னே, பத்து மணித்துளிக்கு ஒருவர் பேசுவார். ஒரே குரல். இசையில்லை, பேட்டியில்லை. 'ஒரு நோக்கு' என்று பொருள்படும் பெயருடைய அந்த நிகழ்ச்சி 2007இல் தொடங்கியது. ஆனால் அந்த நாற்காலி பழையது. அதில் முன்பு அமர்ந்திருந்தவர் ஆலிஸ்டர் குக். சால்ஃபோர்டில் 1908இல் பிறந்து, அமெரிக்கா சென்று குடியேறி, அங்கிருந்து தம் பிறந்த நாட்டுக்கு வாரந்தோறும் ஒரு கடிதம் பேசினார். 1946 முதல் 2004 வரை, 2869 கடிதங்கள்! தொண்ணூற்றைந்து வயதில், முதுமை கட்டாயப்படுத்திய பிறகே நிறுத்தினார். நிறுத்திய சில வாரங்களிலேயே மறைந்தார்.

அந்த மனிதரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எழுதி வைத்துத்தான் படித்தார். ஆனால் எழுதியது பேச்சாக இருந்தது. பெரிய செய்தியைப் பெரிய செய்தியாகத் தொடங்கமாட்டார். இலை உதிர்வதையோ, அண்டை வீட்டாரையோ, கோல்ஃப் ஆட்டத்தையோ சொல்லிக்கொண்டே வருவார். கேட்பவன் தன்னை மறந்திருக்கும்போது நாட்டின் நடுமுற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். 1968 சூன் மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் நகர விடுதியில் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட இரவில் குக் அங்கேயே இருந்தார். அதைப் பற்றிப் பேசியபோதும் ஆர்ப்பரிக்கவில்லை. கண்ணால் கண்டதைக் கண்டபடி அடுக்கினார். நம்மவர் பலர் எழுதினால் மேடைப்பேச்சாகிவிடுகிறது, பேசினால் கட்டுரையாகிவிடுகிறது. எதுகை மோனை ஒருபக்கம் இழுக்க, பொருள் மறுபக்கம் தவிக்கிறது. நம்மையும் சேர்த்தே கூறுகிறோம்.

இப்போது ஆம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்குப் போவோம். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. 'ஆர்ச்சர் குடும்பத்தார்' என்னும் தொடர்நாடகம் படைத்த கற்பனை ஊர் அது. வாரநாட்களில் துண்டு துண்டாக வருவதை ஞாயிற்றுக் காலையில் ஒன்றாகத் தொகுத்துத் தருவர். சட்டி பானை கழுவிக்கொண்டே, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நாடு கேட்கும்.

அது பிறந்த கதை கேளுங்கள். போர் முடிந்த பின் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு. ரொட்டிக்கே சீட்டு வேண்டிய காலம். உழவர்க்குப் புதிய முறைகளைக் கற்பிக்க என்ன வழி என்று 1948இல் பர்மிங்காமில் கூடி ஆராய்ந்தனர். அன்று வானொலியிலே துப்பறியும் வீரன் ஒருவனின் தொடர் புகழ் பெற்றிருந்தது. கூட்டத்திலிருந்த உழவர் ஒருவர் எழுந்து, அதைப் போல வேளாண்மைக்கும் ஒரு விறுவிறுப்பான தொடர் வேண்டும் என்றார். சிரித்தார்களாம். ஆனால் காட்ஃப்ரி பேஸ்லி என்பவர் அதையே பிடித்துக்கொண்டு 1950இல் சோதித்துப் பார்த்து, 1951 சனவரி முதல் நாள் நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிற்கவில்லை. தொடக்கத்தில் வேளாண் அமைச்சகத்தின் அறிவுரையும் அதற்கு இருந்தது. எருவும் விதையும் பாலும் கதைக்குள்ளே கரைந்து காதுக்குள் போயின. கலை கலைக்காகவே என்று வாதிடும் பண்டிதர்கள் கவனிக்க: பிரசாரத்துக்கென்றே பிறந்த நாடகம் இது, உலகில் மிக நீண்டகாலம் நடக்கும் நாடகத் தொடரும் இதுவே!

பிரசாரம் எருவோடு நிற்கவில்லை. ஹெலன் என்னும் பெண்ணின் கதையைத்தான் நாம் சிறப்பாகச் சுட்ட விரும்புகிறோம். ஆர்ச்சர் குடும்பத்துப் பெண். பாற்கட்டி செய்யும் தொழில் கற்றவள். கணவன் துணையின்றியே ஒரு மகனைப் பெற்று வளர்த்தவள். அவள் வாழ்வில் ராப் என்பவன் வந்தான். அடித்தானா? குடித்தானா? இல்லை. நல்லவனாக இருந்தான்! "இந்த உடை உனக்கு ஒவ்வாது" என்றான். "நீ களைத்திருக்கிறாய், வண்டி ஓட்டாதே" என்றான். தோழியை மெல்ல விலக்கினான். அவளுக்கு மறதி, அவளுக்கு மனநலமில்லை என்று ஊராரிடம் கவலையோடு கூறினான். பெற்ற தாயே மருமகனை மெச்சினாள். இரண்டரை ஆண்டுக்காலம், நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மணித்துளி வீதம், ஒரு பெண்ணின் மூச்சு இறுகுவதை நாடு கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் காட்சியில்லை, காதுக்கு மட்டும். பூட்டிய வீட்டுக்குள்ளே கணவன் மனைவியிடம் குரல் தாழ்த்திப் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்பது போல. திரைப்படம் இதைச் செய்திருந்தால் ஒரு காயத்தைக் காட்டியிருக்கும். வானொலிக்குக் காயம் காட்ட வழியில்லை. ஆகவே காயமில்லாத கொடுமையைக் காட்டிற்று.

அந்த நாட்களிலேதான், உடலில் கை படாமலே வாழ்க்கைத் துணையை ஆட்டிப்படைப்பதும் குற்றம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 2015ஆம் ஆண்டுக் கடுங்குற்றச் சட்டத்தின் 76ஆம் பிரிவு; அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஏட்டில் ஏறியது. அதன் பொருளை மக்கள் மனத்தில் ஏற்றியது ஆம்பிரிட்ஜ். 2016 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு, நிறைமாதக் கருவுற்றிருந்த ஹெலன் கத்தியெடுத்தாள். ராப் வீழ்ந்தான், பிழைத்தான். அவள் சிறைக்குப் போனாள். அங்கே பிள்ளை பெற்றாள். தாய் ஒரு பெயர் வைத்தாள். தந்தை வேறு பெயர் வைத்தான். பெயர் சூட்டும் உரிமை எவருடையது என்பதற்குக்கூடப் போராட்டம்! செப்டம்பர் 11, மீண்டும் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரச் சிறப்பு நாடகத்தில் பன்னிரண்டு நடுவர்கள் கூடி விவாதித்து, குற்றவாளி அல்லள் என்றனர்.

இடையே நடந்தது இன்னும் வியப்பு. ஹெலன் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்பது கேட்போர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் நேயர் ஒருவர் அவள் பெயரால் நிதி திரட்டத் தொடங்கினார். ஒரு லட்சம் பவுனுக்கு மேல் குவிந்து, கொடுமைக்காளான பெண்களுக்கு அடைக்கலம் தரும் அமைப்புக்குச் சென்றது. ஞாயிற்றுக் காலை வழிபாட்டிலே "அயலானை நேசி" என்று ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு முறை ஓதுகிறார்கள். மாலையிலே ஒரு நாடகம், அந்த அயல்வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேள் என்றது. எது சமுதாயத் தொண்டு?

அதற்காக அந்தத் தொடரைத் தலையில் வைத்து ஆடமாட்டோம். ஆம்பிரிட்ஜில் நிலமுடையவன் துயரம் துயரம்; நிலமற்றவன் துயரம் பெரும்பாலும் வேடிக்கை. கிரண்டி என்றொரு குத்தகைக் குடும்பம் உண்டு. கடன், கந்தல், சிறு ஏமாற்று, பழஞ்சாராயம் - இதைக் கொண்டு பல்லாண்டுகள் நேயர்களைச் சிரிக்க வைத்தனர். 2000ஆம் ஆண்டில் அவர்களைக் குத்தகைப் பண்ணையிலிருந்து வெளியேற்றிய போதுதான், சிரித்த வாய்கள் மூடின. 2020இல், கூலியின்றி அடைபட்டு உழைத்த மூன்று இளைஞரின் கதையைச் சொன்னார்கள். அவர்களை அடக்கி வைத்தவன் ஊரிலே மதிப்புடன் நடமாடிய கட்டடக்காரன். நல்ல கதை, துணிந்த கதை. எனினும் அந்த அடிமைகளின் வாயிலிருந்து நாம் கேட்டதைவிட, அவர்களை வைத்திருந்தவனின் மனச்சான்று பற்றிக் கேட்டதே மிகுதியோ என்ற ஐயம் நமக்குண்டு.

'தனித்தீவு இசைத்தட்டுகள்' நிகழ்ச்சியும் ஞாயிற்றுக் காலைக்குரியது. ராய் பிளம்லி வகுத்து 1942 சனவரியில் தொடங்கியது. ஆளற்ற தீவில் தனித்து விடப்பட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர் என்று புகழ்பெற்றோரைக் கேட்பார்கள். கூடவே விவிலியமும் ஷேக்ஸ்பியரும் கேளாமலே கையில் திணிக்கப்படும். பகுத்தறிவாளர் பலர் "முதல் நூல் வேண்டா" என்று கூறிய போதெல்லாம் அந்த மறுப்பே உரையாடலின் சுவையான இடமாகியது. 1958இல் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் என்ற பாடகி வந்தார்; எட்டில் ஏழு தட்டு அவரே பாடியவை! தம் படத்தைத் தாமே மாட்டி, தம் நூலுக்குத் தாமே விழா எடுக்கும் நம் நாட்டுப் பெருமக்களைத் தீவுக்கு அனுப்பினால், எட்டாவது தட்டையும் விடமாட்டார்கள்.

நண்பகலில் நகைச்சுவை. 1967 டிசம்பர் முதல் நடக்கும் 'ஒரே நிமிடம்' என்ற ஆட்டம் அவற்றுள் ஒன்று. கொடுத்த பொருளைப் பற்றி அறுபது நொடி பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, பொருளை விட்டு விலகக் கூடாது. எளிது போலத் தோன்றும். நம் பேச்சாளர்களை இந்த ஆட்டத்துக்கு அழைத்துப் பார்க்க எமக்கோர் ஆசை. தயக்கத்தில் தோற்கமாட்டார்கள், உறுதி. "தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே" என்று முடிப்பதற்குள் திரும்பச் சொல்லியதற்காக மணி அடித்துவிடும்.

பிற்பகல் நிகழ்ச்சிகளை விரைந்து கடந்துவிடலாம். தோட்டக்காரரின் ஐயங்களுக்கு விடை கூறும் அவை, போர்க்காலத்தில் "தோண்டு, பயிரிடு" என்று எழுந்த இயக்கத்தின் வாரிசாக 1947இல் தொடங்கியது. நத்தையும் எறும்பும் படுத்தும் பாட்டை இன்றும் அலசுகிறது. அதன்பின் பெரும் புதினங்கள் நாடகமாக வரும். சில நாள் தூக்கம், சில நாள் தேன். நேயர் கேட்ட கவிதைகளைப் படிக்கும் நிகழ்ச்சி 1979 முதல் வந்தது. கவிதையை மேசைக்கு மேல் வைக்காமல் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தது அதன் சிறப்பு. மாலையில், அண்மையில் மறைந்தவரைப் பற்றிய 'கடைசிச் சொல்'. இங்கே அமைச்சரும் வருவார், சமையல் கருவி செய்தவரும் வருவார். இறந்தவரைத் தேவராக்காமல், குற்றங்குறைகளையும் அளவோடு கூறும் அந்த நாகரிகத்தை நம் இரங்கல் கூட்டங்கள் கடன் வாங்கலாம்.

குரலைப் பற்றி ஒன்று கூறியே ஆகவேண்டும். நெடுங்காலம் அந்த நிலையத்தில் ஒரே வகை ஆங்கிலம்தான் ஆட்சி செய்தது; உயர்குடிப் பள்ளிகளில் பழகிய ஆங்கிலம். 1941இல் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்ஷயர்க்காரரைச் செய்தி படிக்க வைத்தனர். தம் ஊர் ஒலியோடு படித்தார். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேட்டுக்குடியிலிருந்து மட்டுமன்று; எளிய மக்களிலும் பலர், தம் வாய்மொழியைச் செய்தியில் கேட்கப் பொறாது, "இந்தக் குரலில் வந்தால் செய்தியை நம்ப முடியவில்லை" என்ற கருத்துப்படக் குறைகூறினர். தன் மொழியைத் தானே தாழ்வென நம்ப வைப்பதுதான் ஆதிக்கத்தின் முழு வெற்றி. 'ஆகாசவாணி' என்பதை ஏற்க மறுத்து 'வானொலி' என்பதே நம் சொல் என்று நின்றவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. இன்று ரேடியோ 4இல் வடநாட்டு ஒலியும், ஸ்காட்லாந்து ஒலியும், கரீபிய, ஆசிய வழிவந்தோர் ஒலியும் கேட்கின்றன. எனினும் ஓர் உண்மையையும் சொல்லிவைப்போம்: அதே நிறுவனம் 1941இல் தொடங்கிய தமிழ் வானொலி ஒலிபரப்பு, தலைமுறை தலைமுறையாக ஈழத்திலும் தமிழகத்திலும் காதோடு ஒட்டியிருந்த 'தமிழோசை', 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. இணையத்தில் தமிழ் இருக்கிறது என்பர்; இருக்கட்டும். போர்க்கால இரவுகளில் மின்சாரமற்ற வீட்டில் மின்கல வானொலி முன் குந்தியிருந்து கேட்டவர்களுக்கு அந்த விடை போதாது.

இரவு பத்து மணிக்கு நாடாளுமன்ற விவகாரம் பேசுவார்கள். அதை விட்டுவிட்டு நள்ளிரவுக்கு வருவோம்.

பன்னிரண்டே முக்காலை ஒட்டி, மெல்லிய இசை ஒன்று. பிறகு கப்பலோட்டிகளுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டிசுத் தீவுகளைச் சுற்றிய கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வலு, மழை, பார்வைத் தொலைவு. ஏறத்தாழ 350 சொற்களில் முடித்தாக வேண்டும். உரிச்சொல்லில்லை, உவமையில்லை, வேண்டுதலில்லை. கரையில் படுத்திருப்பவர்களும் இதைத் தாலாட்டுப் போலக் கேட்டுத் தூங்குகிறார்கள்.

அந்த 31 பெயர்களில் ஒன்று ஃபிட்ஸ்ராய். 2002 வரை வேறு பெயரால் வழங்கிய அந்தக் கடற்பகுதிக்கு ஒரு மனிதனின் பெயரை வைத்தனர். எவர் அவர்? இளைஞன் டார்வினை ஏற்றிக்கொண்டு 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர், ராபர்ட் ஃபிட்ஸ்ராய்! டார்வின் அந்தப் பயணத்திலிருந்து கொண்டுவந்தது மனிதனின் பிறப்பு வரலாறு. ஃபிட்ஸ்ராயோ தீவிர பக்தர். 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், விவிலியத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, மனிதனை நம்பாதீர், கடவுளை நம்புங்கள் என்று அவையோரிடம் மன்றாடியவர் அவர்.

ஆனால் அதே ஆண்டுகளில் அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது? 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் சிக்கி, ஆங்கிள்சி கரையோரம் உடைந்து, நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அரசின் வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த ஃபிட்ஸ்ராய் தந்திக் கம்பிகளின் வழியே கடற்கரை ஊர்களின் காற்றழுத்த அளவைத் திரட்டினார். 1861 முதல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பினார். கடலில் போனவன் திரும்புவது ஆண்டவன் கையில் என்று அவர் வாய் கூறியிருக்கும். காற்றழுத்தமானியின் கையில் என்று அவர் கை எழுதிற்று. அறிக்கை பிழைத்த நாட்களில் நாளேடுகள் எள்ளி நகையாடின. கற்றோரும் ஐயுற்றனர். உடல் நலிந்து, செல்வம் கரைந்து, மனம் உடைந்த அவர், 1865 ஏப்ரல் 30ஆம் நாள் காலை தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அந்நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஆண்டு அவரது முன்னறிவிப்புகளை நிறுத்தினார்கள். புயல் எச்சரிக்கை 1867இல் மீண்டது, கடலை நம்பி வாழ்ந்தவர்கள் வேண்டும் என்று கேட்டதால்.

இந்த ஒரு பெயரை ஒலிக்கும்போது அறிவிப்பாளரின் குரல் எந்த மாறுதலும் கொள்வதில்லை. முன்னதைப் போலவே, பின்னதைப் போலவே, காற்றின் திசை, வலு, மழை. காலையில் நாற்பது மணித்துளி வழிபாட்டில் கேட்காத அடக்கத்தை நாம் இங்கே கேட்டோம்.

அறிக்கை முடிந்ததும், நிலையம் அந்நாளை முடித்துக்கொள்ளும் முன்பாக, அரசரைக் காக்குமாறு கடவுளிடம் விண்ணப்பிக்கும் நாட்டுப்பண் வரும். அதற்குள் நாம் வானொலியை நிறுத்திவிட்டோம்.